மூங்கிலுக்கு லத்தீன்

மாதா கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியபோது சாந்தோமே சந்தோஷப்பட்டது, வேதநாயகத்தைத் தவிர. அவர் தமிழுக்கு விரோதி ஒன்றும் அல்ல. பேசுவதும் தமிழில்தான், கோபம் வந்தால் திட்டுவதும் தமிழில்தான். ஆனால் அவர் குருமடத்துப் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்துச் சோறு தின்றவர். பூசையே தமிழான பிறகு எந்தப் பையன் உட்கார்ந்து வேற்றுமை உருபுகளை உருப்போடுவான்? வகுப்பு வருஷத்துக்கு வருஷம் மெலிந்தது. கடைசியில் ஒரே ஒரு மாணவன் மிஞ்சினான். அவனும் வினைத் திரிபுகளுக்குப் பயந்து துறவறத்தையே விட்டுவிட்டு, ஆவடியில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் செய்துகொண்டான்.

அதன் பிறகு வேதநாயகம் கச்சேரி ரோட்டில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மருந்துக்கடை பில் புத்தகம், எல்லாம் அவர் கண்ணுக்குக் கீழே போய்த்தான் மை பூசிக்கொள்ளும். வேலை சுலபம். ஆனால் மனதில் ஒரு பெரிய அறை பூட்டியே கிடந்தது. அதைப் பற்றி அவர் மனைவி செபமாலைக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. "லத்தீன் இருந்தப்போ நீ வூட்ல வாயே தொறக்க மாட்டே. இப்பத்தான் மனுசனாட்டம் பேசிக்கினு கீறே" என்பாள்.

எழுபத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேதநாயகம் பனியனோடு சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். வாசலுக்குப் போன செபமாலை திரும்பி வந்தாள்.

"இந்தாய்யா, உன்னப் பாக்க மயிலாப்பூர் அம்மா ஒண்ணு வந்துகீது. கையில வெளக்கமாறு வெச்சினுகீது."

வந்தவள் பங்கஜம். முப்பத்தைந்து வயதிருக்கும், பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர். கையில் இருந்தது விளக்குமாறு அல்ல, காய்ந்த மூங்கில் பூங்கொத்து. செய்தித்தாளில் சுற்றி, குழந்தையைப் போல ஏந்தியிருந்தாள். பங்குச் சாமியாரிடம் போனாளாம். அவர், "எனக்கு இருந்த லத்தீனும் மறந்து போச்சும்மா, வேதநாயகத்தைப் பாருங்க" என்று அனுப்பி வைத்தாராம்.

"எதுக்கும்மா லத்தீன்?" என்றார் வேதநாயகம்.

"புதுசா ஒரு செடியைக் கண்டுபிடிச்சா, அது எப்படி இருக்குன்னு லத்தீன்ல எழுதி அச்சுல போடணும் சார். இல்லேன்னா நாம வைக்கற பேர் செல்லாது. உலகம் பூரா இதான் சட்டம்."

"சட்டமா?"

"ஆமாம் சார்."

"இன்னும் அமல்ல இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் அலைஞ்சுண்டிருக்கேன்."

வேதநாயகம் எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பங்கஜம் கதையைச் சொன்னாள். செய்முறை வகுப்புக்குப் புல் வகைப் பூ ஏதாவது கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். எல்லாப் பெண்களும் மைதானத்து அருகம்புல்லைப் பிடுங்கி வந்தபோது, ஜமீலுன்னிசா என்ற மாணவி மட்டும் தன் பெரியம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து இந்தக் கொத்தைக் கொண்டுவந்தாள். மூங்கிலும் புல்தானே! ஆனால் மூங்கில் பூப்பதை ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே பாக்கியம். பங்கஜம் அன்றைக்கே வகுப்பை விட்டுவிட்டு ராயப்பேட்டைக்கு ஓடினாள். அங்கே நின்றது அவளுக்குத் தெரிந்த எந்த மூங்கிலும் இல்லை. கழியைச் சுற்றியிருக்கும் உறை மட்டையின் தோளில் மூங்கிலுக்குக் காது மாதிரி இரண்டு மடல் இருக்கும். இதற்கு ஒரு காது யானைக்காது; மற்றது இல்லவே இல்லை. கோயம்புத்தூருக்குப் போய், அங்கே தாவர ஆய்வகத்தில் காயவைத்து அடுக்கியிருக்கும் மூங்கில்களையெல்லாம் புரட்டினாள். சீமைக்கும் ஒரு கொத்தை அனுப்பினாள். எதனோடும் பொருந்தவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள்.

"புதுசுதான் சார். சந்தேகமே இல்லை. லத்தீன் மட்டும் நீங்க தயவு பண்ணணும்" என்று அவள் இரண்டு தாள்களை நீட்டினாள். செபமாலை காபி கொண்டுவந்து வைத்தாள். அடுப்பில் சுறாப்புட்டு வெந்துகொண்டிருந்த வாசனை கூடத்தையே நிறைத்திருந்தது. பங்கஜம் அதைக் கவனிக்காதவளைப் போலக் காபியைக் குடித்து முடித்த விதத்திலேயே, இந்தப் பெண் காரியத்தை விடமாட்டாள் என்று செபமாலைக்குப் புரிந்துவிட்டது.

வேதநாயகம் அந்த வாரம் அச்சகத்தில் ஒரு மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாக விட்டுவிட்டார். மனமெல்லாம் மூங்கிலில் இருந்தது. எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் உருவானது ஒரு மாளிகை. ‘அரண்மனைத் தூண்களையும் வெட்கப்பட வைக்கும் இம்மூங்கில், பச்சை நிறம் பூண்டு வானை நோக்கி எழுகின்றது’ என்று தொடங்கி, வாக்கியத்துக்குள் வாக்கியமாகப் போய், வினைமுற்று பக்கத்தின் கடைசியில் பட்டாபிஷேகம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பங்கஜம் அதைப் பார்த்தாள். அவளுக்கு லத்தீன் பேச வராது. ஆனால் செடி விவரிக்கும் லத்தீனில் நூறு பக்கம் படித்திருந்தாள்.

"சார், ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதுல வினைச்சொல் இருக்கே."

"இருக்காதாம்மா? வினைச்சொல் இல்லாம வாக்கியம் ஏது?"

"செடி லத்தீன்ல வினைச்சொல்லே கிடையாது சார். ‘கழிகள் பச்சை, வழவழப்பு. கணுக்கள் வீங்கினவை.’ அவ்வளவுதான்."

வேதநாயகத்துக்கு முகம் சிவந்தது. "வினைச்சொல் இல்லாத லத்தீனா! அதுக்கு நான் எதுக்கு? சந்தையில கத்திரிக்கா விக்கறவன் போதுமே. ‘கத்திரிக்கா பிஞ்சு, வெண்டைக்கா நாட்டு’ன்னு!"

பங்கஜம் வாதாடவில்லை. அச்சான விவரிப்பு ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று சிரித்துவிட்டார். இன்னாரின் பேரன், இன்னாரின் ஜ்யேஷ்ட குமாரன், பட்டம், பதவி, ஊர். அதில் மட்டும் எத்தனை வினைச்சொல் இருந்தது? வீட்டுக்கு வந்து மாளிகையை இடித்தார். தூண், விதானம், கோபுரம் எல்லாம் போய்ச் சுத்தமான செங்கல் வரிசையாக நின்றது. நின்றதைப் பார்த்தால் அதற்கும் ஓர் அழகு இருக்கத்தான் செய்தது.

ஆனால் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டார். ‘உறை மட்டையின் முதுகில் மயிர்’ என்று பங்கஜம் எழுதியிருந்தாள். எந்த மயிர்? லத்தீனில் பூனை மயிருக்கு ஒரு சொல், ஆட்டு ரோமத்துக்கு ஒன்று, பன்றி முள்ளுக்கு ஒன்று, சவரம் செய்யாத கன்னத்துக்கு ஒன்று. அடுத்த ஞாயிறு கேட்டார். பங்கஜம் யோசித்து ஒன்று சொன்னாள், பிறகு அதை மாற்றினாள், பிறகு, "நேர்ல வந்து பாத்துடுங்கோ சார்" என்றாள்.

ராயப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு சந்து திரும்பினால் ஜமீலுன்னிசாவின் பெரியம்மா கைசர் ஜஹான் பீபியின் வீடு. முன்பக்கம் சாதாரணம். கொல்லைக் கதவைத் திறந்ததும் வேதநாயகம் வாய் பிளந்து நின்றார். தென்னைக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு, தொடை பருமனில், எண்ணெய் தேய்த்த மாதிரிப் பளபளக்கும் பச்சைக் கழிகள். உச்சியில் இலையே இல்லை. வைக்கோல் நிறத்தில் பூங்கொத்துகள் மட்டும் சரம் சரமாகத் தொங்கின. காற்றடித்தால் மொத்தத் தூறும் தாழ்ந்த குரலில் முனகியது.

பீபி அறுபதை நெருங்குபவள். கணவர் இறந்து நாளாகிவிட்டது. மாமனார் மர மண்டி வைத்திருந்தவர். ரங்கூன், அந்தமான், மலையாளம் என்று எங்கிருந்தெல்லாமோ அவருக்கு மரம் வந்து இறங்கும். அப்படி வந்த ஏதோ ஒரு கட்டையோடு இந்த மூங்கில் கிழங்கும் வந்ததாகச் சொல்வார்கள். எந்த ஊரிலிருந்து என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"வாங்க சார், வாங்க. இந்தப் பொண்ணு உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருக்கு. கெங்கம்மா, சாயா போடு!" என்றாள் பீபி.

வேதநாயகம் நேராக மூங்கிலிடம் போனார். கீழே விழுந்து கிடந்த ஓர் உறை மட்டையை எடுத்து, பட்டுப் புடவை பார்ப்பவரைப் போல முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். காப்பி நிறத்தில் பொடி மயிர். ஆட்டு ரோமமும் இல்லை, பன்றி முள்ளும் இல்லை. யோசித்தபடியே கழுத்து வியர்வையைத் துடைத்தார். அடுத்த நிமிஷம் "ஆண்டவரே!" என்று ஒரு குதி குதித்தார். கழுத்து, காது, முழங்கை என்று எல்லா இடத்திலும் நெருப்பு எறும்பு கடித்தது போல அரிப்பு. சொறியச் சொறிய ஏறியது.

பீபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதத் தொட்டுட்டு ஒடம்பத் தொடலாமா சார்? எங்க மாமனார் அதக் காவல்காரன்னு சொல்வாரு. ஒரு திருடன் இந்தப் பக்கமா செவுரு ஏற மாட்டான்!"

கெங்கம்மா என்கிற சமையல்காரி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "ஐயோ நைனா, சொறியாதே, சொறிஞ்சா ஒடம்பு பூரா பரவும்" என்று கழுத்தில் ஊற்றினாள். எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த வேதநாயகத்தின் முகத்தில் திடீரென்று ஒளி வந்தது.

"புரூரியென்ஸ்!" என்றார். "அரிப்பு உண்டாக்குவது. ஒரே சொல். அதுக்குன்னே வெச்சிருக்கான்!"

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. சாயாவும் வர்க்கி ரொட்டியும் வந்தன. பேச்சு கலகலப்பானது. "என் மூங்கிலப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிங்களேன்" என்றாள் பீபி. வேதநாயகம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, பூசைக் குரலில், ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கெங்கம்மா கைகூப்பிக்கொண்டாள். பீபி ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டாள். உயரம், பருமன், பச்சை, ஒற்றைக் காது எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்வதுபோலத் தலையாட்டினாள்.

"கடைசி வரி?"

அந்த வரியில் வேதநாயகத்துக்குத் தனிப் பெருமை. நாலே சொல்லில் முடித்திருந்தார். "ஒருமுறை பூப்பது, பின்பு இறப்பது" என்றார் கம்பீரமாக.

பீபி கோப்பையைக் கீழே வைத்தாள். "எது இறக்கும்?"

வேதநாயகம் பங்கஜத்தைப் பார்த்தார். பங்கஜம் தரையைப் பார்த்தாள். மூங்கில் பூத்தால் காய்த்துவிட்டுத் தூறோடு காய்ந்துபோகும் என்பது தாவரவியல் படித்த எல்லாருக்கும் தெரியும். பீபிக்குத் தெரியாது. ஏதோ சீக்கு, மழை வந்தால் துளிர்த்துவிடும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இத்தினி மாசமா வர்ற. என் வீட்ல சாப்புடுற. ஒரு வார்த்தை சொல்லல?" பீபியின் குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "கெங்கம்மா, இவங்க கெளம்புறாங்க. கதவத் தாள் போட்டுக்க."

பஸ்ஸில் பங்கஜம் அழுதாள். "சொன்னா காய்க்கறதுக்கு முன்னாடியே வெட்டி வித்துடுவாளோன்னு பயந்துட்டேன் சார். காய் இன்னும் பாக்கலை. காய் இல்லாம விவரிப்பு அரைகுறை. அதான் அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு..." வேதநாயகம் கழுத்தைச் சொறிந்துகொண்டே, தன் நாக்கைத் தானே சபித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் இருவரும் போய்க் கதவைத் தட்டினார்கள். கெங்கம்மா பாதிக் கதவைத் திறந்தாள்.

"பீபியம்மா இல்ல நைனா."

உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது: "தஞ்சாவூர் போயிருக்கேன்னு சொல்லு!"

"தஞ்சாவூர் போய்கீறாங்களாம்" என்றாள் கெங்கம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாசியும் பங்குனியும் இப்படியே போயின. சித்திரை வெயில் ஏற ஏறப் பங்கஜத்துக்குத் தூக்கம் போயிற்று. இந்நேரம் விதை கட்டி உதிர ஆரம்பித்திருக்கும். இந்த வருஷம் விட்டால் இனி எப்போதுமே கிடையாது. கல்லூரியில் துறைத்தலைவர் சிதம்பரநாதன் வேறு தினமும், "என்ன, நம்ம மூங்கில் எந்த மட்டில் இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘நம்ம’ என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த அழுத்தத்தில், மூங்கிலுக்கு யார் பெயர் வைக்கவேண்டும் என்பதும் அடங்கியிருந்தது.

வேதநாயகம் சாப்பிடாமல் தட்டில் சோற்றைப் பிசைவதை நாலைந்து நாள் பார்த்த செபமாலை, "இன்னாய்யா ஆச்சு? ஒயுங்கா சொல்லு" என்றாள். அவர் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு படிச்சவங்க போய் வாசக் கதவைத் தட்டினா எவ தொறப்பா? நாளைக்கு நா வரேன்."

மறுநாள் செபமாலை கையில் ஒரு முழு வஞ்சிரத்தோடு ராயப்பேட்டையில் இறங்கினாள். வேதநாயகமும் பங்கஜமும் உடன் வந்திருந்தார்கள். செபமாலை வாசலுக்கே போகவில்லை. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், "யாரும்மா உள்ளே?" என்று குரல் கொடுத்தாள். கெங்கம்மா எட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் நொச்சிக்குப்பத்தில் ஒரே சொந்தம் என்று தெரிந்துபோயிற்று. பத்து நிமிஷத்தில் மீனும் செபமாலையும் சமையலறையில் இருந்தார்கள். வேதநாயகமும் பங்கஜமும் வெளியே, மதில் நிழலில், குற்றவாளிகளைப் போல நின்றார்கள்.

உள்ளே பீபியின் குரலும் செபமாலையின் குரலும் மாறி மாறிக் கேட்டன. பிறகு செபமாலை கதவைத் திறந்துவிட்டாள். "உள்ள வாங்க. டீச்சரம்மா, நீதான் முதல்ல பேசணும். என் ஆளு வாயத் தொறக்கக் கூடாது."

பங்கஜம் பீபியின் எதிரே நின்றாள். மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "சொல்லியிருக்கணும் பீபியம்மா. சொன்னா வெட்டிடுவேள்னு பயந்தேன். என் காரியம் மட்டும்தான் எனக்குப் பெரிசாத் தெரிஞ்சுது. தப்பு."

"கேட்டிருந்தா வெச்சிருக்க மாட்டேனா?" என்றாள் பீபி. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். காத்துல அது போடுற சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது. சாவப்போவுதுன்னா எனக்குத்தானேம்மா மொதல்ல சொல்லணும்?"

பங்கஜம் மூக்கை உறிஞ்சினாள். செபமாலைதான் அலட்சியமாக, "அது இன்னா புள்ளகுட்டி இல்லாமலா சாவுது? வெதை போட்டுத்தான சாவும்? அத்த மொளைக்க வெச்சா ஆச்சு" என்றாள்.

பீபி பங்கஜத்தைப் பார்த்தாள். "மொளைக்குமா?"

"புது விதையா இருந்தா கட்டாயம் முளைக்கும் பீபியம்மா. ஆனா கீழே விழுந்ததுமே எலியும் அணிலும் விட்டு வைக்காது."

"அதப் பாத்துக்கலாம்" என்றாள் பீபி. அவள் குரலில் மர மண்டிக்காரர் மருமகளின் அதிகாரம் திரும்பியிருந்தது. "கெங்கம்மா, கோழிய எல்லாம் புடிச்சு அடை!"

அன்றிலிருந்து மூங்கில் அடியில் ஒரு திருவிழா. பீபியின் பழைய புடவைகளும், அவள் வீட்டுக் கல்யாணத்தில் போட்ட ஒரு கிழிந்த ஷாமியானாவும் தரை முழுக்க விரிந்தன. காற்றடித்தால் கோதுமை மாதிரி மணிகள் பொலபொலவென்று உதிரும். கெங்கம்மா தாம்பாளத்தைத் தட்டிக் கிளிகளை விரட்டினாள். வேதநாயகம் அச்சகத்தில் லீவு போட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு அணிலுக்குக் காவல் இருந்தார். அணில்கள் அவரை மதிக்கவில்லை. உதிர்ந்ததில் முக்கால்வாசி பதர். மீதியில் பாதியை எப்படியோ எலி கொண்டுபோயிற்று. ஆனாலும் ஒரு சின்னச் சொம்பு நிறைய நல்ல மணி தேறியது. பங்கஜம் பூதக்கண்ணாடியால் பார்த்து, அளந்து, குறித்துக்கொண்டாள். அதன் முனையில் பொடியாக ஒரு குடுமி இருந்தது. காய்ப் பகுதிக்கு லத்தீன் அங்கேயே, குடைக்கடியிலேயே தயாராயிற்று.

மிச்ச விதைகளைப் பால்பவுடர் டப்பாக்களில் விதைத்தார்கள். பத்து நாள் ஒன்றுமில்லை. பீபி தினமும் காலையில் டப்பாக்களை எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போவாள். பிறகு ஒருநாள் கல்லூரிக்கே டெலிபோன் வந்தது. பக்கத்து மருந்துக்கடையிலிருந்து பீபி கத்தினாள்: "வந்துருச்சும்மா! ஊசி மாதிரி நிக்குது! ஓடி வா!"

பெயர் வைக்கும் பேச்சு அன்று மாலைதான் எழுந்தது.

"உங்க பேரைத்தான் வைக்கப்போறேன் பீபியம்மா" என்றாள் பங்கஜம்.

"ஐயோ, வேணாம்மா! நாளைக்கு யாராவது ‘கைசர் ஜஹான் பூத்துட்டா, இனிமே அவ்ளோதான்’னு எழுதுவான். கேக்கவே நல்லால்ல. உங்க காலேஜ் பெரியவர் பேர வெச்சுடு."

"அதுக்கு வழியில்லை" என்றாள் பங்கஜம் குறும்பாக. "கட்டுரை எழுதினவா பேர்ல அவர் பேரை முதல்ல போட்டுட்டேன். விவரிக்கறவா தன் பேரைத் தானே வெச்சுக்கறது மரியாதையில்லை. அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார், பாவம். அப்புறம்தான் யோசிச்சார்."

வேதநாயகம் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சட்டென்று துள்ளி எழுந்தார்.

"பீபியம்மா, கைசர்னா என்ன அர்த்தம்?"

"ராஜா, சக்கரவர்த்தி. ஏன்?"

"அது எந்த பாஷை?"

"யாருக்குத் தெரியும்? ஃபார்சியா இருக்கும், அரபியா இருக்கும்."

"லத்தீன்!" என்று கூவினார் வேதநாயகம். "ரோமாபுரிச் சக்கரவர்த்தியோட பட்டம். நாங்க கோயில்ல சேசார்னு படிப்போம். இங்கிலீஷ்காரன் சீசர்னான். ஆனா அந்தக் காலத்து ரோமாபுரிக்காரன் வாயில அது கைசர்தான், சுத்தமான கைசர்! அங்கேருந்து கிரேக்கன் கைக்குப் போய், அரபிக்காரன் கைக்குப் போய், ராயப்பேட்டைக்கு வந்திருக்கு. நான் இத்தன நாள் தேடிக்கிட்டிருந்த லத்தீன், இங்க உக்காந்து சாயா குடிச்சிக்கிட்டிருக்கு!"

பீபி சிரித்ததில் சாயா புரைக்கேறியது. செபமாலை அவள் தலையைத் தட்டிக்கொடுத்தாள். "அப்ப அது உங்க பேரே இல்ல, சக்கரவர்த்தி பேரு. வெச்சா இன்னா?" என்றாள்.

மூங்கில் லத்தீனில் பெண்பால் என்பதால், பெயரும் பெண்பாலில்தான் முடியவேண்டும் என்றார் வேதநாயகம். ‘பாம்பூசா கைசாரேயா’. பீபி அதை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். நாக்குக்குப் பழகியதும் தலையை ஆட்டிவிட்டாள்.

ஆனால் இன்னொரு வரியில் விடாப்பிடியாக நின்றாள். சொந்த ஊர் என்ற இடத்தில் பங்கஜம், ‘தெரியாது’ என்று எழுதியிருந்தாள்.

"என் புருஷன் பொறக்குறதுக்கு முன்னாடியே இங்க வந்து வளந்தது. அதப் போய் ஊரு தெரியாததுன்னு எழுதுவியா? ராயப்பேட்டைன்னு போடு."

"பொய் எழுதப்படாது பீபியம்மா. இது காட்டுல எங்கேயோ இருந்திருக்கணும்."

"அப்ப நானும் எங்கேர்ந்தோ வந்தவதான். ரேஷன் கார்டுல என்ன போட்டிருக்கான்? ராயப்பேட்டை!"

இருவரும் வேதநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் பென்சிலை எடுத்தார். வெகுநேரம் யோசித்து, ஒரு வரி எழுதி, தமிழில் சொன்னார்: "ராயப்பேட்டைத் தோட்டத்தில் வளர்ந்தது, வேறெங்கும் அறியப்படாதது."

பங்கஜத்துக்கு அதில் பொய் ஒன்றும் தென்படவில்லை. பீபிக்கு அதில் குறை ஒன்றும் தென்படவில்லை. கையெழுத்துப் பிரதி அந்த வாரமே போயிற்று.

அச்சாகி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் பழைய தூறு மஞ்சளாகி, சாம்பலாகி, காற்றில் முனகுவதை நிறுத்திக்கொண்டது. அது வெட்டுண்ட அன்று பீபி கொல்லைப் பக்கம் வரவில்லை. செபமாலை போய் அவளோடு கூடத்திலேயே உட்கார்ந்திருந்து, அந்தோணியார் கோயில் தேர் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் அப்போதே அக்கா, தங்கச்சி என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். கழிகளைப் பீபி யாருக்கும் விற்கவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடியில் துணி காயப்போடவும் பந்தல் போடவும் கொடுத்துவிட்டாள்.

பத்திரிகை வந்த அன்று வேதநாயகம் அதைப் பழக்க தோஷத்தில் கையில் பென்சிலோடுதான் படித்தார். ஓர் ‘i’ புள்ளி உடைந்திருந்தது. வேறு பிழையே இல்லை. அவருக்கு அந்த அச்சகத்தார் மேல் பெரிய மரியாதை உண்டாயிற்று. கட்டுரையின் முடிவில் லத்தீன் செய்து கொடுத்ததற்காக அவருக்கு நன்றி சொல்லியிருந்தது. செபமாலை அந்தப் பக்கத்தை மட்டும் கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களிடம், "எங்க வூட்டுக்காரு ஒரு மரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்தாரு" என்று விளக்கம் சொன்னாள்.

கன்றுகளில் ஒன்று கல்லூரித் தோட்டத்துக்குப் போயிற்று. ஒன்று அடையாற்றில் பங்கஜத்தின் அண்ணா வீட்டு மதிலோரத்துக்கு. சாந்தோமுக்கு ஒன்று கொடுக்கிறேன் என்று பீபி சொன்னபோது, வேதநாயகம் கழுத்தைத் தடவிக்கொண்டு, "உப்புக் காத்துல வராது" என்று நழுவப் பார்த்தார். செபமாலை விடவில்லை. அதையும் கொண்டுபோய்க் கிணற்றடியில் நட்டாள்.

நல்ல கன்றைப் பீபி தனக்கு வைத்துக்கொண்டாள். அந்த ஐப்பசியில் முதல் மழை விட்ட ஒரு மத்தியானம், பழைய தூறு இருந்த இடத்திலேயே குழி தோண்டி, நாலு பேரும் கூடி அதை நட்டார்கள். கெங்கம்மா தண்ணீர் ஊற்றினாள். முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்குள் கீழ்க்கணுவில் ஒரு குட்டி உறை மட்டை வந்திருந்தது. பங்கஜம் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு காதுதான்!" என்று பூரித்தாள்.

பீபி இடுப்பில் கைவைத்து நின்று கன்றைப் பார்த்தாள். "இது எப்போம்மா பூக்கும்?"

பங்கஜம் இந்தத் தடவை தயங்கவே இல்லை. "சரியாத் தெரியாது பீபியம்மா. அறுபது வருஷம் ஆகலாம், நூறும் ஆகலாம். பூத்தா இதுவும் போயிடும்."

"அல்லா! அப்ப அது நம்ம தலைவலி இல்ல" என்றாள் பீபி. "உள்ள வாங்க எல்லாரும், மழை மறுபடி புடிக்கப் போவுது. செபமாலை, நீ கொண்டாந்த எறால என்ன செய்யுறதுன்னு கெங்கம்மாவுக்குச் சொல்லு. பங்கஜத்துக்குத் தனியா உருளைக்கெழங்கு வறுக்கச் சொல்லியிருக்கேன்."